கணுக்காலில் ஒரு பிடி

இருவரும் போன படகு கவிழ்ந்து தம்பி ஓட்வார் கடலோடு போனதிலிருந்து ஐலிஃபுக்கு வலது கால் இழுத்துக்கொண்டது. எலும்பும் நரம்பும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மனநல மருத்துவரிடம் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பேசினான். தம்பி தன் கையைப் பிடித்திருந்தான், விரல் மரத்து நழுவினான், ரேய்துன் பேரைச் சொல்லிக்கொண்டே போனான் என்று. சொல்லச் சொல்ல அழுகை நின்றது, தூக்கமும் வந்தது. பேச்சைக் குறை சொல்ல முடியாது. கால்தான் மசியவில்லை.

ரேய்துன், ஓட்வாரின் மனைவி. அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பாவம் அவள் நடமாடுகிறாள். உடம்பைத் தொட்டு வைத்தியம் பார்க்கும் இங்குனிடம் அவனைக் காரில் கூட்டி வந்தவளும் அவள்தான்.

ஐலிஃப் வாயைத் திறந்ததுமே இங்குன் தடுத்தாள்.

"கதை அப்புறம். உங்களுக்கு நல்லா மனப்பாடம் ஆயிருக்கு. காலுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல."

அவள் வேலை எப்போதும் பாதத்தில்தான் தொடங்கும். மூச்சு வெளியேறும்போது மட்டும் அழுத்துவாள். உள்ளாடையோடு மேசையில் மல்லாந்து கிடந்தான் ஐலிஃப். ஜன்னலில், குளிர்காலத்தில் சூரியனே எழாத அந்த வடகோடி ஊரின் நண்பகல் நீல இருட்டு.

"கணுக்கால விடுங்க, வலிக்குது."

"நான் அங்க தொடவே இல்லையே."

தலையைத் தூக்கிப் பார்த்தான். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் அவன் பாதத்தின் அடியில் இருந்தன. கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல்கள், ஈரமாக, சில்லென்று இறுகின. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மூச்ச அடக்காதீங்க. வெளிய விடுங்க."

விட்டான். அவனைக் கேட்காமலே கால் மடங்கி உதைத்தது. இங்குன் சுவரோரம் ஒதுங்கினாள். கால் மறுபடியும் மறுபடியும் உதைத்தது, பிடி விடும்வரை. பிறகு பாதம் வெதுவெதுவென்றானது. ஐலிஃப் முகத்தைப் பொத்திக்கொண்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்கிட்ட எதுவும் சொல்ல வேணாம்," என்றாள் இங்குன். "பொழைக்கறதுக்கு உடம்பு என்னமோ செஞ்சிருக்கு."

வாசலில் ரேய்துன் கார் கண்ணாடியை இறக்கி, காப்பிக் கோப்பையை நீட்டினாள்.

"நொண்டாம வர்றியே, ஐலிஃப்! இங்கயும் சொன்னியா? அவன் உன் கையப் பிடிச்சது, என் பேரச் சொன்னது?"

"ம். கையப் பிடிச்சு..."

பழகிய வாய், தானாகத் தொடங்கிவிட்டது. பூட்ஸுக்குள் அந்த ஈர விரல்கள் மறுபடியும் கணுக்காலைச் சுற்றின. கோப்பையை வாங்காமல் அவள் முகத்தைப் பார்த்தான்.

"கைய இல்ல, ரேய்துன். காலப் பிடிச்சான். என்னையும் இழுத்துட்டுப் போயிருப்பான். நான் உதைச்சுட்டேன்."

கணுக்காலிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

"அப்ப என் பேரு?" என்று கேட்டாள் அவள்.

"சொல்லல."

கண்ணாடி மேலேறியது. கார் போனபின் ஐலிஃப் பனியில் வீடுவரை நடந்தான், நொண்டாமல்.