நான்கு வேளை போக மிச்ச நேரம்

என் தம்பி மனைவி ஷெரின் கப்பலில் போக வேண்டும் என்று சொன்னபோது, கூடவே கூடாது என்று முதலில் குதித்தவள் நான்தான். அதை மறைத்து இனி எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

ஷெரினுக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று வருடமாக இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுப் பையை ஏற்ற வேண்டும். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், கல்யாண நாள், எதற்கும் லீவு கிடையாது. இது போக வாரம் ஒரு ஊசி, அதை வைக்க ஐஸ் பெட்டி, பிரஷருக்கு மாத்திரை, சாப்பாட்டில் ஆயிரம் தடை. திருவில்லிபுத்தூரில் எங்கப்பா தவசிமுத்து பெயரில் நான் பால்கோவாக் கடை நடத்துகிறேன். அந்தப் பால்கோவாவை அவள் நாக்கில் வைத்து மூன்று வருடம் ஆகிறது. பால் சாமான் அவளுக்கு ஆகாது.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் ராஜபாளையம் வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மதினி, சென்னையில இருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் விடுதாங்க. அஞ்சு ராத்திரி. நான் போகணும்."

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? நடுக்கடல்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எவன் வருவான்?"

"போன மாசம் மணப்பாட்டுல எல்லாரும் கடல்ல குளிச்சீங்க. நான் கரையில உக்காந்து உங்க செருப்புக்குக் காவல் இருந்தேன். கடல்ல எறங்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. கடல் மேல போகக் கூடாதுன்னு சொல்லலையே."

வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று ஊரில் பெயர் வாங்கிய நான் அன்று அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து கை கழுவினேன்.

ஷெரின் வேலை பார்ப்பது சத்திரப்பட்டியில், ஒரு பேண்டேஜ் கம்பெனியில், செக்கிங் பிரிவில். ஆஸ்பத்திரிக்குப் போகும் துணிப் பொட்டலங்களில் சீல் சரியாக ஒட்டியிருக்கிறதா, எங்காவது ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. பதினாறு வருட அனுபவம். மதுரை ஆஸ்பத்திரியில் பை மாற்றக் கற்றுக்கொடுத்த நர்ஸ், மற்றவர்களுக்கு இரண்டு வாரம் ஆகும், இவள் நான்கே நாளில் படித்துவிட்டாள் என்று என் தம்பி எட்வினிடம் சொன்னாராம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஷெரின் வடித்த தண்ணீரைக்கூட எடை பார்த்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் கீழே ஊற்றுவாள். ஊற்றுமுன் அந்தப் பையைச் செய்தித்தாள் மேல் வைப்பாள். அடியில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. கலங்கித் தெரிந்தால் வயிற்றில் கிருமி, உடனே மதுரைக்கு ஓட வேண்டும். இந்த மூன்று வருடத்தில் அவள் ஒரு தடவைகூட ஓடியதில்லை.

கப்பல் பயணத்துக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டாள். கப்பலில் இருபது பை, உபரியாக நான்கு, ஆக இருபத்து நான்கு. அது நான்கு பெட்டி. போகிற வழிக்கு ஆறு பை கையோடு. திரும்பி வரும் வழிக்கு நான்கு பை, முன்கூட்டியே பெருங்களத்தூர் சொந்தக்காரர் வீட்டில். டாக்டர் கடிதம் மூன்று பிரதி. கப்பல்காரர்கள் அனுப்பிய மருத்துவப் படிவத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே நிரப்பி, மருந்துக் கம்பெனிப் பெட்டி நான்கு, சீல் பிரிக்காதது, இன்ன எண் என்று எழுதி அனுப்பிவிட்டாள். எங்கள் வீட்டில் கல்யாணங்கள்கூட இவ்வளவு ஏற்பாட்டோடு நடந்ததில்லை. ஏதாவது ஒன்று என்றால் சத்தம் போட ஓர் ஆள் வேண்டுமே என்று நானும் வருகிறேன் என்றேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

அவளுடைய பெட்டிகள் மாதாமாதம் என் கடைக்குத்தான் வரும். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. லோடு ஆட்டோ ஓட்டும் சோலைச்சாமியிடம் எப்போதும் பின்வாசல் வழியாக இறக்கச் சொல்வேன். இறக்கியதும் சாக்கைப் போட்டு மூடிவிடுவேன். எதிரே பூக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்தாய் ஒரு முறை பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். கடைக்கு வந்த சிரப் என்றேன். ஷெரின் ஏன் மெலிந்துவிட்டாள் என்று கேட்டவர்களிடம் கேஸ் டிரபிள் என்றேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என் தம்பி பெண்டாட்டியை யாரும் பாவமாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தில்தான், கிளம்புவதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிப் படம் போட்ட அந்த நான்கு பெட்டிகளையும் பிரித்தேன். பைகளை எடுத்து என் கடைப் பெட்டிகளில் அடுக்கினேன். மாட்டுப் படமும், சிவப்பு எழுத்தில் 'தவசிமுத்து பால்கோவா' என்றும் போட்ட பெட்டி. நல்ல கெட்டி அட்டை. பார்க்கிறவர்கள் சொந்தக்காரர்களுக்குப் பால்கோவா கொண்டு போகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். மூடியை மடக்கி, கடையில் அடிக்கிற பெரிய ஸ்டேப்ளர் பின்களால் சட்சட்டென்று அடித்து முடித்தேன். வேனில் ஏற்றி மேலே போர்வையும் போட்டேன். திருச்சியில் பன்னிரண்டு மணிப் பை, பெருங்களத்தூரில் ஆறு மணிப் பை எல்லாம் கைப்பெட்டியிலிருந்தே எடுத்ததால் ஷெரின் அந்தப் போர்வையை விலக்கவே இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்குத் துறைமுகத்தில், எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அந்தப் பக்கம், நான்கு மாடுகளும் வரிசையாக வந்து நின்றன. ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

வினோத் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அதிகாரி பெட்டிகளைத் தட்டினார். "வெளிச் சாப்பாடு கப்பலுக்குள்ள அனுமதி இல்லைங்க."

"சாப்பாடு இல்ல சார், மருந்து" என்றாள் ஷெரின்.

"மேல பால்கோவான்னு போட்டிருக்கு. மிஷின்ல பாத்தா உள்ள பூரா தண்ணி. நீங்க மருந்துன்னு சொல்றீங்க." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சாராயம் கடத்துகிறோம் என்றுதான் நினைத்திருப்பார். "உங்க படிவத்துல சீல் பிரிக்காத கம்பெனிப் பெட்டின்னு எழுதியிருக்கு. அது எங்கேம்மா?"

அது என் கடைப் பின்கட்டில் தட்டையாக மடித்துக் கிடந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

நான் சத்தம் போட்டேன். அதற்குத்தானே போயிருந்தேன்? "நாங்க யாருன்னு தெரியுமா? திருவில்லிபுத்தூர்ல வந்து கேட்டுப் பாரும்! நோயாளிப் பிள்ளையை இப்படித்தான் நிக்க வைப்பீரோ?" என்றெல்லாம் கத்தினேன். எட்வின் "அக்கா, செத்த நேரம் சும்மா இரேன்" என்று கையைப் பிடித்தான். வினோத் மரியாதையாகவே சொன்னார். கப்பல் டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஏற்றலாம். மூன்று மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டால் அவளும் ஏற முடியாது.

டாக்டர் வரும்போது மணி பன்னிரண்டரை. நாகர்கோவில் பக்கத்துப் பெண். ஷெரினின் கடிதங்களைப் பொறுமையாகப் படித்தார். "எல்லாம் சரியா இருக்கு. ஆனா பெட்டியைப் பிரிச்சிருக்கீங்க. ஒரு பை ஓட்டையா இருந்தாக்கூட கடல்ல என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நான் எதை நம்பி அனுப்புறது?"

"எனக்கு ஒரு மேசை தாங்க, டாக்டர். நான் செக் பண்ணிக் காட்டுதேன். இதுதான் எனக்கு வேலையே."

மேசை வந்தது. அவள் கை கழுவினாள், மாஸ்க் கட்டினாள், மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். பிறகு ஒவ்வொரு பையாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நான்கு ஓரத்தையும் விரலால் நீவினாள். உள்ளங்கையால் அமுக்கினாள். எண்ணையும் தேதியையும் வாசித்தாள். பெட்டிகள் வந்த அன்றே எண்களை எழுதி வைத்திருந்த நோட்டில் எட்வின் டிக் அடித்தான். ஷெரின் அவசரப்படவில்லை. மூன்று மணிக்குக் கப்பல் கதவு மூடும் என்பது அவளைத் தவிர எங்கள் எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

பதினேழாவது பையில் அவள் கை நின்றது. மறுபடி ஓரத்தை நீவினாள். டாக்டரிடம் நீட்டினாள்.

"இது வேண்டாம்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூலையில் ஒரு பின் குத்திய துளை. சொட்டுகூட வெளியே வரவில்லை.

"இதை ஏத்தியிருந்தா?" என்று கேட்டேன்.

"வயித்துக்குள்ள கிருமி போயிருக்கும். அதுவும் நடுக்கடல்ல" என்றார் டாக்டர்.

நான் அடித்த ஸ்டேப்ளர் பின்தான் அது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, அந்தப் பிள்ளையைக் கொன்றிருப்பேன். ஷெரின் மீதி ஏழு பைகளையும் அதே வேகத்தில் பார்த்து முடித்தாள். "இருபத்து மூணு நல்லா இருக்கு. எனக்கு வேண்டியது இருபதுதான்" என்றாள்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, என் கிளினிக்குக்கு வேலைக்கு வாரீங்களா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டது போல எனக்குத் தெரியவில்லை. வினோத் தானே பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். அவருக்கு மனசு கேட்கவில்லை போல.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஒரு நாளைக்கு நாலு தடவை இம்புட்டுப் பாடு. இதுக்கு நடுவுல எதுக்கு இந்த அலைச்சல்?"

ஷெரின் மாஸ்க்கைக் கழற்றினாள். "நாலு தடவை போக மிச்ச நேரம் என்னோடதுதான சார்?"

கப்பல் கிளம்பியபோது அவள் பன்னிரண்டு மணிப் பையை இரண்டு மணி நேரம் தாமதமாக ஏற்றி முடித்து, மேல்தளத்தில் நின்றாள். சாயங்காலம்தான் கேட்டாள்.

"எதுக்கு மதினி பெட்டியை மாத்துனீங்க?"

"நாலு பேரு பாப்பாங்கன்னு..."

"பாக்கட்டுமே. அந்தப் பெட்டி இல்லன்னா நான் இல்ல. அதுல எனக்கே வெக்கம் இல்ல, ஒங்களுக்கு என்ன?"

அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. மணி ஆறாகிறது என்று கையைக் கழுவப் போய்விட்டாள். அதுவும் எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

அன்று இரவிலிருந்து எனக்குத் தலை சுற்றி வாந்தி. நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போனவள் மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன். ஷெரின் தன் பையையும் மாற்றிக்கொண்டு எனக்குக் கஞ்சியும் வாங்கி வந்தாள். நான் எத்தனை தடவை வாந்தி எடுத்தேன் என்பதையும் தன் நோட்டிலேயே நேரம் போட்டு எழுதினாள். நான்காம் நாள் எழுந்து மேலே போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் கரையே இல்லாத தண்ணீரைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைவிட எட்டு வயது கூட. ஆனால் அவள் தைரியத்தில் கால்வாசி என்னிடம் இல்லை என்று அப்போது தெரிந்தது.

ஊர் திரும்பிய மறுவாரம் சோலைச்சாமி லோடு ஆட்டோவோடு வந்தான். வழக்கம்போலப் பின்பக்கம் திருப்பப் போனான்.

"ஏலே, எங்க போற? முன்வாசல்லயே எறக்கு."

வெள்ளைத்தாய் பூக்கூடையை வைத்துவிட்டு வந்தாள். "என்னக்கா, இம்புட்டுப் பெட்டி? சிரப்பா?"

"சிரப்பு இல்ல. எங்க ஷெரினுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. ஒரு நாளைக்கு நாலு தடவை வயித்துல தண்ணி மாத்துதா. அந்தத் தண்ணி இது."

"அய்யய்யோ, பாவமே!"

"யாரு பாவம்? அவ கப்பல்ல இலங்கைக்குப் போயிட்டு வந்திருக்கா. நீ பாம்பன் பாலத்துலயே கண்ணை மூடிக்கிட்டவ."

நான் குனிந்து, பெட்டிகளில் இருந்த எழுத்து தெருவைப் பார்க்கும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன்.