இரண்டு கையாலும் வாங்கிய கோப்பை

செவிலி, நெஞ்சில் ஒட்டவேண்டிய பட்டைகளைத் தட்டில் எடுத்து வைத்தாள். தாறுமாறாகத் துடிக்கும் தோக்-சுவின் இதயத்தை மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்க இன்னும் கால் மணி நேரம்தான். கப்பல் கட்டும் தளத்தில் இருபத்தாறு வருடம் உழைத்த மனிதர், இதற்காகக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது ஒரே ஒரு நாள் லீவு.

"ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரைய மூணு வாரமா ஒரு வேளைகூட விடலையே?" என்று டாக்டர் கேட்டார்.

"விடலைங்க."

விட்டேன் என்றால் சிகிச்சையைத் தள்ளிப் போடுவார்கள். இன்னொரு லீவுக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? பக்கத்தில் நின்ற மனைவி ஹே-ரானை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தளத்தின் மேனேஜர் குவாக், பழச்சாறுப் பெட்டியோடு உள்ளே வந்தார்.

"டாக்டர், இவனைச் சீக்கிரம் சரி பண்ணி அனுப்புங்க. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விருந்து! இந்த மாசம் மட்டும் நாலு விருந்து. நான் சோஜு ஊத்துவேன், இவன் மரியாதையா ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிப்பான். சாராயத்துக்கும் மாத்திரைக்கும் ஆகாதுன்னு, அன்னிக்கெல்லாம் மாத்திரையையே விட்டுட்டான்னா பாருங்களேன்!"

அவர் ஒருவர்தான் சிரித்தார். டாக்டர் பட்டைகளை அப்புறப்படுத்தச் சொன்னார்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் படம் பிடித்தார்கள். திரையின் ஓரத்தில் பட்டாணி அளவு ரத்தக்கட்டி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப ஷாக் கொடுத்திருந்தா, இது நேரா மூளைக்குப் போயிருக்கலாம்," என்றார் டாக்டர்.

ஹே-ரான் கணவர் பக்கம் திரும்பினாள். "மாத்திரை டப்பா தினமும் காலியாத்தானே இருந்துச்சு! எங்க போட்டீங்க?"

"குப்பையில."

தோக்-சு, படுத்த படுக்கையிலேயே மேனேஜரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். "மன்னிச்சிடுங்க சார். இன்னொரு நாள் லீவு கேக்க வேண்டியிருக்கும்."

குவாக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டி கையிலிருந்து நழுவியது.

"எங்கிட்ட எதுக்குடா மன்னிப்பு? வேணாம்னு சொல்ல முடியாதவன் கோப்பையில ஊத்துறது உபசாரமே இல்லடா. உன்னைக் கொல்லப் பாத்தவன் நான்! நீயும் கேட்டுக்கோ. மேனேஜர் போனா வேற மேனேஜர் வருவான். அவனுக்குப் பயந்து டாக்டர்கிட்ட பொய் சொல்லி, போன உசுரு மட்டும் திரும்பி வராது."