பவுண்டுக்கு ஐந்து பென்ஸ்

கால்டர்விக் கால்பந்து மைதானத்துக்குள் நுழைந்துவிட்டால், கிளப் தமக்குத் தர வேண்டிய பாக்கியைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மீறியதுமில்லை.

க்ளெனிஸ் ஆர்மரோட் என்ற பெண்மணியும் மீறவில்லை. பதினோரு ஆண்டுகளாக அணியின் சட்டைகளைத் துவைத்துவந்த அவருடைய லாண்டரிக்குக் கிளப் ஒன்பதாயிரம் பவுண்டு பாக்கி வைத்திருந்தது. கிளப் நொடித்துப்போய்ப் புது முதலாளிகளின் கைக்கு மாறியபோது, லீக் விதிப்படி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் முழுதும் கிடைத்தது. ஊர்க் கடைக்காரர்களுக்கோ பாக்கியில் பவுண்டுக்கு ஐந்து பென்ஸ்தான். க்ளெனிஸுக்கு வந்தது நானூற்றைம்பது. தவணை தவறிய பெரிய சலவை இயந்திரத்தை நிதி நிறுவனம் திங்களன்று எடுத்துப்போக இருந்தது. அது போனால் கடையும் போயிற்று. மீட்க மூவாயிரம் வேண்டும்.

ஆயினும் சனிக்கிழமை காலை, மடித்த சட்டைகளோடு உடைமாற்றும் அறைக்கு வந்தார். கணவர் ராயின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள் இந்தப் பிள்ளைகள். அந்த நன்றியை எந்தப் பாக்கியிலும் கழித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"ஏழாம் நம்பர் சட்டை பளிச்சுன்னு இருக்கே க்ளெனிஸ், புதுசா?" என்றார் உடைப் பொறுப்பாளர் ஆல்ஃப்.

"பழசுதான். போன வாரம் அவன் ஓடியிருந்தாத்தானே சேறு ஒட்டும்!"

அறை முழுதும் சிரித்தது. அணித்தலைவன் டெக்லன் ட்ரான்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"மெஷின தூக்கிட்டுப் போறாங்களாமே? அம்மா சொன்னாங்க."

"அத இங்க பேசாத கண்ணு. சட்டையப் போடு, நேரமாச்சு."

இடைவேளையில், அன்றைய ஆட்டத்துக்கான பந்தை வாங்கப் பணம் கொடுத்தவருக்கு ஒலிபெருக்கியில் நன்றி சொல்வது வழக்கம். அறிவிப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள், சேறு அப்பிய சட்டையோடு டெக்லன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான். படிக்கட்டில் நின்றிருந்த க்ளெனிஸ் வேண்டாமென்று கையசைத்தார்.

"க்ளெனிஸுக்கு இந்த கிளப் ஒம்பதாயிரம் பவுண்டு தரணும். குடுத்தது நானூத்தம்பது. எங்களுக்கு மட்டும் சம்பளத்துல ஒரு பென்னி குறையல. சட்டப்படி அந்தக் கடன் தீர்ந்துபோச்சாம், எங்களுக்குத் தீரல. காலையில அணியில நாங்க பதினெட்டு பேரும் சேந்து மூவாயிரம் போட்டிருக்கோம், மெஷின் எங்கயும் போகாது. மிச்சத்துக்கு முதலாளிமாருங்க மேல உக்காந்திருக்காங்க, அவங்க காதுலயும் விழட்டும். ரொம்ப நன்றி, க்ளெனிஸ்."