மேனேஜரின் இடது காது

கால்நடை டாக்டர் முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கையுறையை எடுப்பதற்குள் மேனேஜர் வாந்தி எடுத்துவிட்டது. கூண்டுக்குள் எடுத்திருந்தாலாவது பரவாயில்லை. பளிச்சென்று கழுவிவிட்ட தரையில், டாக்டரின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி எடுத்தது.

"கண்டக்டரம்மா, மறுபடியுமா?" டாக்டர் கையுறையை மேசையில் போட்டார். "வயித்துல சாப்பாட்ட வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா மயக்கம் குடுக்கறது? மூச்சுக்குழாய்ல போய் அடைச்சா, நீங்க விசில் ஊதுனா உயிர் திரும்பி வந்துடுமா?"

நெரிசல் பஸ்ஸில் ஒரு அதட்டலில் கூட்டத்தை உள்ளே தள்ளுகிறவள் கண்டக்டர். பதிலுக்குப் பதில் கொடுக்காமல் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை. அன்றைக்குத் துடைக்கப் பழைய பேப்பரைத் தேடினாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மேனேஜருக்கு அவள் ஒரு பருக்கை கொடுக்கவில்லை. போன சனிக்கிழமையும் அப்படித்தான், போன சனிக்கிழமையும் இதே வாந்தி.

"அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. வெறும் வயித்தோட" என்றார் டாக்டர்.

அடுத்த சனிக்கிழமை என்று அவர் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். நடுவில் புதன்கிழமை ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. புதன்கிழமை நாய் பிடிக்கிற வண்டி வருகிறது.

பழைய பேப்பரை எடுத்துத் தரையைத் துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஓட்ஸ். ஓட்ஸுக்கு நடுவே வெந்தயம். வெந்தயத்துக்கு நடுவே கேரட், அதுவும் அளவெடுத்த மாதிரி சதுரம் சதுரமாக. உலகத்தில் கேரட்டை இப்படி வெட்டுகிற கை ஒன்றே ஒன்றுதான் உண்டு. துணி ஃபேக்டரியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அவளுடைய அண்ணியின் கை. அந்த ஓட்ஸ், சர்க்கரை ஏறிப்போன அண்ணனுக்காக அண்ணி தினமும் விடியற்காலையில் எழுந்து, வேலைக்குப் போகும் முன் கிண்டி வைப்பது.

"அடப்பாவி அண்ணே!" என்றாள் கண்டக்டர். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணன் மூன்றாவது மாடி, அவள் தரைத்தளம். அந்தக் குடியிருப்புக்கு அண்ணன்தான் தலைவர். ஓய்வு பெற்ற பிறகு அதிகாரம் பண்ண ஆபீஸ் இல்லாமல் தவித்த மனுஷனுக்கு லிஃப்ட்டும் தண்ணீர்த் தொட்டியும் நாய்களும் வாய்த்தன. லிஃப்ட் அவர் பேச்சைக் கேட்காது. நாய்கள் மீது பாய்ந்தார்.

மேனேஜர் பெட்டை நாய். காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டுக்கு அருகே உட்கார்ந்து, லேட்டாக வருகிறவர்களை ஒரு மாதிரி பார்க்கும். அதனால் அந்தப் பெயர். ஈற்றுக்கு ஈற்று தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குட்டி போடும். பாதி கார் சக்கரத்துக்குப் போகும், மீதி நோய்க்குப் போகும். போன மழைக்குத் தொட்டியடியில் தண்ணீர் புகுந்து அத்தனை குட்டியும் செத்தன. கண்டக்டர்தான் செடிகளுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். மறுநாள் காலை டியூட்டிக்குக் கதவைத் திறந்தால், மேனேஜர் ஒரு குட்டியைத் தோண்டி எடுத்து வந்து அவள் வாசலில் போட்டுவிட்டு, எதையாவது செய் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றைக்குக் கண்டக்டர் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. இனி இந்தத் தெருவில் ஒரு குட்டிகூடச் சாவதற்காகப் பிறக்கக் கூடாது என்று முடிவு பண்ணினாள். தன் ஓய்வு நாளையெல்லாம் அதற்கே கொடுத்தாள். சரக்கு ஆட்டோ ஒன்றைப் பேசி, தெரு நாய்களையும் மாடிப்படிப் பூனைகளையும் ஒவ்வொன்றாக டாக்டரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்து, எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டாள். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக டாக்டர் இடது காது நுனியில் துளி வெட்டிவிடுவார். தெருவில் வெட்டாத காது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது மேனேஜருடையது.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. பொதுக்கூட்டம் போட்டு, எல்லா நாயையும் பிடித்து ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் விட்டுவிடலாம் என்றார். முன்பு ஒருமுறை அப்படிச் செய்ததுதான். கொண்டுபோய் விட்டவற்றில் பாதியை அங்கிருந்த நாய்கள் குதறின. வீடு தேடித் திரும்பி வந்தவை நெடுஞ்சாலையில் அடிபட்டுச் செத்தன. ஒரு மாதத்துக்குள் தெருவில் புது நாய்கள் குடிவந்து, அவையும் குட்டி போட்டன.

"ஒரு சீட் காலியானா அடுத்த ஸ்டாப்புல ஆள் ஏறி உக்காரும்" என்று கண்டக்டர் எழுந்து நின்று கத்தினாள். "ஆபரேஷன் பண்ண நாய் உக்காந்திருந்தா சீட்டும் காலியாகாது, கூட்டமும் சேராது. இது கூடவா புரியல?"

பலருக்குப் புரிந்தது. அண்ணன் விடவில்லை. கடைசியில் காது வெட்டிய நாய்கள் இருக்கலாம், காதும் வெட்டாமல் சொந்தக்காரரும் இல்லாத நாய் புதன்கிழமை வண்டியில் போகும் என்று முடிவானது. அத்தோடு நிறுத்தினாரா? தங்கையைக் குத்துவதற்கென்றே இன்னொரு விதியும் போட்டு லிஃப்ட் கதவில் ஒட்டினார். வளாகத்துக்குள் எந்த நாய்க்கு யார் சாப்பாடு போடுகிறாரோ அந்த நாய் அவருடையது, முழுப் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது.

அன்றிலிருந்து, அத்தனை நாயும் தன் தலையில் விழாமலிருக்க, கண்டக்டர் கேட்டுக்கு வெளியே ரோட்டில் வைத்துச் சோறு போட்டாள். அதற்கும் அண்ணன் பால்கனியிலிருந்து முறைத்தார். ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. இருவருக்கும் ஒரே அப்பன் என்பதால் விழுங்கிக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவது அத்தோடு நின்றது.

அப்பேர்ப்பட்ட தலைவர்தான், அண்ணி வேலைக்குக் கிளம்பிய கையோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, தொட்டிக்குப் பின்னால் மூடியால் டப்பாவைத் தட்டி ஓட்ஸைக் கொட்டிவிட்டு, முனைக்கடையில் போய் எண்ணெயில் பொரித்ததைத் தின்றிருக்கிறார். பாசமாவது மண்ணாவது! டப்பா காலியாக வேண்டும், அவ்வளவுதான்.

நேரே போய்க் கேட்டால் இல்லை என்பார், மறுநாளிலிருந்து ஓட்ஸ் சிங்க்கில் போகும். கண்டக்டர் வாயைக் கட்டிக்கொண்டாள். மேனேஜரைப் பிடித்துத் தன் வீட்டில் பூட்டி வைக்கலாம் என்றால், இரண்டு தடவை ஊசி வாங்கிய மேனேஜர் கூண்டைத் திறந்ததுமே ஓடிவிட்டது, அதன்பின் அவள் நிழலைக் கண்டாலே தொட்டிக்கு அடியில் புகுந்துகொண்டது. புதன்கிழமை டியூட்டியை வேறொருத்திக்கு மாற்றிவிட்டு, அன்று காலை அண்ணியை மட்டும் ஃபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு மணி நேரம் லேட்டா போங்க. ஓட்ஸ் டப்பாவோட கீழ வாங்க. ஏன்னு கேக்காதீங்க."

வண்டி வந்தபோது விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. நாய் பிடிக்கிறவர் சுருக்குக் கம்போடு இறங்கினார். அண்ணன் தொட்டியைச் சுட்டிக்காட்டினார். சுருக்குக் கம்பு அவ்வளவு தூரம் எட்டவில்லை. குச்சியால் தட்டினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளேயிருந்து உறுமல்தான் வந்தது. மாடிப்படியெல்லாம் வேடிக்கை பார்க்க ஆள்.

கண்டக்டர் தொட்டிக்கும் அவர்களுக்கும் நடுவே போய் நின்றாள்.

"இதுக்குச் சொந்தக்காரர் இருக்காங்க. தொடாதீங்க."

"யாரு?" என்றார் அண்ணன், நாய் பிடிக்கிறவரைப் பார்த்துக்கொண்டு. "இவங்களா? இவங்க ரோட்டுல போடற சோறு கணக்குல வராது. விதியப் படிக்கச் சொல்லுங்க."

"விதி எனக்கு மனப்பாடம். யார் சாப்பாடு போடறாங்களோ அவங்க நாய். அண்ணி, அந்த டப்பா மூடியக் கொஞ்சம் தட்டுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாய் வெளியே வந்து, அண்ணன் வாயைத் திறக்காவிட்டால் தன் கையாலேயே அதைச் சுருக்குக்குள் தள்ளியதாகிவிடும். ஆனால் வாயை விட்டாயிற்று. அண்ணி ஒன்றும் புரியாமல் எவர்சில்வர் மூடியை டப்பாவில் தட்டினாள். டங், டங்.

தொட்டியடியிலிருந்து மேனேஜர் வந்தது. உடம்பெல்லாம் சேறு. அண்ணி கையிலிருந்த டப்பாவை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. கம்பைக் கண்டு பம்மி, கண்டக்டரைக் கண்டு ஒதுங்கி, நேரே அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்து அவர் செருப்பின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தது. வாலைச் சும்மா வைக்கவில்லை.

படியில் யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"நானும் பாக்கறேன், ஆறு மாசமா ஓட்ஸ் காலியாகுது, சர்க்கரை இறங்க மாட்டேங்குது" என்றாள் மெதுவாக. "டாக்டரை மாத்தலாமான்னு யோசிச்சேங்க நான்."

சுருக்கு மேனேஜரின் தலைக்கு மேலே வந்து நின்றது. "சார், சீக்கிரம் சொல்லுங்க. உங்க நாயா, இல்லையா? அடுத்த தெருவுக்குப் போகணும்."

அண்ணன் உதட்டை நக்கிக்கொண்டார். ஆமாம் என்றால் மனைவியிடம் மாட்டுவார், ஊரே சிரிக்கும். இல்லை என்றால் ஒன்றுமில்லை. ஒரு நாய் போகும், அவ்வளவுதான். அவர் வாய் 'இல்' என்று தொடங்குவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டாள்.

அவள் எட்டிக் கம்பைப் பிடித்தாள். சுருக்கைத் தன் தலை வழியாக மாட்டிக்கொண்டாள்.

"இல்லைன்னு சொல்லு. சொல்லுண்ணே! என்னையும் சேத்து ஏத்தச் சொல்லு. போன மழைல அதோட குட்டிங்கள நான் புதைச்சேன். நீ மேல நின்னு, நாத்தம் வராம ஆழமாப் புதைன்னு சொன்ன. இது அதையெல்லாம் மறந்துட்டு உன் கால்ல வந்து உக்காந்திருக்கு. உன்ன நம்பி வந்துருக்கு. இப்பச் சொல்லு, இது உன் நாய் இல்லன்னு."

பல மாதங்களுக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. படியில் சிரிப்பு நின்றுபோனது. நாய் பிடிக்கிறவர் பதறிப்போய்ச் சுருக்கைத் தளர்த்தினார். அண்ணன் குனிந்து செருப்பைப் பார்த்தார். சேற்றுக் கால் இன்னும் அங்கேயே இருந்தது.

"என் நாய்தான்" என்றார்.

"சத்தமா" என்றாள் கண்டக்டர்.

"என் நாய்தான்யா! வண்டிய எடு!"

கண்டக்டர் கழுத்திலிருந்து சுருக்கைக் கழற்றித் தந்தாள். வண்டி போனது. அதற்காகக் கண்டக்டர் இளகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். லிஃப்ட் கதவிலிருந்த விதியில், முழுப் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுத்தான் அன்று வீட்டுக்குள் போனாள்.

சனிக்கிழமை காலை சரக்கு ஆட்டோவின் பின்னால் மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவர் தலைவர்தான். அவரில்லாமல் அது வண்டியில் ஏறவில்லை. சட்டையெல்லாம் முடி. கிளம்பும் முன் அண்ணி அவரை மேசை முன்னால் உட்கார வைத்து, எதிரில் நாற்காலி போட்டுத் தானும் உட்கார்ந்து, கடைசி கேரட் சதுரம் உள்ளே போகும்வரை எழுந்திருக்கவில்லை.

டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு, கண்டக்டரை நம்பாமல் பார்த்தார்.

"நாய்க்கு ஓனர் யாரு?"

கண்டக்டர் ஒதுங்கி நின்று வழி விட்டாள்.

"நான்தான்" என்று அண்ணன் முன்னால் வந்தார்.

"காலைல ஓட்ஸ் ஏதாவது சாப்பிட்டுதா?"

"இல்ல டாக்டர்" என்றார் அண்ணன். "இன்னிக்கு நான்தான் சாப்பிட்டேன்."