படத்தின் இடது ஓரம்

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு என் கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனார். கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"உது நானில்லை."

கறுப்பு வெள்ளைப் படம். தாழ்ந்த கூரை, சுவரெல்லாம் ஈரம். நான்கு வெள்ளைக்காரப் பெடியன்கள் கிற்றாரும் டிரம்சுமாக வியர்த்து நிற்கிறார்கள். இடது ஓரத்தில், சுவரோடு ஒட்டிய ஒரு பழைய பியானோவின் முன்னால், சட்டைக் கையை மடித்துவிட்ட மெலிந்த கறுத்த இளைஞன். முகம் பாதிதான் தெரிகிறது. ஆனால் காது முழுதாகத் தெரிகிறது. கீழே தொங்கும் சோணை இல்லாத, கன்னத்தோடு ஒட்டிய காது. அது எனக்கும் இருக்கிறது.

இங்கிலாந்திலிருந்து ஒரு நூலகப் பெண் அதை அனுப்பியிருந்தாள். லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். மதுக்கடை ஒன்றின் பின்னறையில் அறுபதுகளின் தொடக்கத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு இசைக் கிளப் நடந்திருக்கிறது. அறுபது பேர் கொள்ளும் அறைக்குள் நூற்றைம்பது பேர். அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் இசைத்தட்டுகளைத் தேய்ந்துபோகும்வரை கேட்டுவிட்டு, பெடியன்கள் அங்கே வந்து வாசித்துப் பார்ப்பார்களாம். பிழை விட்டால் அடுத்த கிழமை வந்து திரும்ப வாசிப்பார்களாம். அந்த அறையிலிருந்து போன இரண்டு மூன்று குழுக்களைப் பிறகு உலகமே கேட்டது. படத்தின் பின்னால் பென்சிலில் 'தில்லை, பியானோ' என்று இருந்ததாம். படம் எடுத்த வருடம் பக்கத்துக் கல்லூரியில் பொறியியல் படித்தவர்களில் அப்படித் தொடங்கும் பெயர் ஒன்றே ஒன்று: தில்லையம்பலம், என் அப்பா. கண்காட்சிக்கான குறிப்புகள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகின்றன. அதற்குள் பதில் வராவிட்டால் 'பெயர் தெரியாதவர்' என்று போடுவார்கள்.

எங்கள் வீட்டில் பியானோ என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. பதினாறு வயதில், டோனற் கடையில் ஒரு கோடை முழுக்க நின்று வேலைசெய்து ஒரு கிற்றார் வாங்கினேன். மூன்று மாதம் அலுமாரிக்குள் ஒளித்து வைத்து வாசித்தேன். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் அலுமாரி வெறுமையாக இருந்தது. அப்பா அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏனென்று கேட்டதற்கு "படி" என்றார். படித்தேன். இப்போது நாற்பத்தாறு வயதில், இங்கே கனடாவில், ஸ்ரௌவ்விலிலிருந்து மிசிசாகாவுக்குத் தினமும் கார் ஓட்டிப்போய், விமானச் சரக்குகளின் பத்திரங்களைச் சரிபார்க்கிறேன்.

படத்தைக் காட்டிய பிறகு அப்பாவால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடினார். ஜாக்கெற் போடாமல் வாசலில் போய் நின்றார். நடந்துபோகவும் எங்கள் பக்கம் ஒரு கடை இல்லை, வீடுகள்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேலையிடத்தில் மூன்று தடவை அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதத் தொடங்கி மூன்று தடவையும் அழித்தேன்.

சனிக்கிழமை அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது வெக்ஸ்போர்ட் பக்கம் காருக்குள் அவராகவே கேட்டார்.

"அந்த இங்கிலாந்துப் பிள்ளைக்குப் பதில் போட்டனியோ?"

"நீங்களில்லை எண்டு சொன்னனீங்கள். பிறகென்ன பதில்?"

அவர் சீற் பெல்ற்றை இழுத்து இழுத்து விட்டார். "ரெக்கோட் அட்டைக்கு அந்தப் படத்தைத்தான் போட்டவங்கள். அட்டையில நாலு பேர்தான். பியானோப் பக்கத்தை வெட்டிப்போட்டாங்கள்."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். படம் சதுரமா இருக்கவேணுமாம் எண்டான் மனேச்சர்." சிரிக்கப் பார்த்தார். "பாட்டில என்ர கை கேக்கும். அதை வெட்ட ஏலாமப் போச்சு. அதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகேல்லை."

எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம்.

"அதுக்கு என்ர கிற்றார் என்ன செய்தது அப்பா?"

சிவப்பு விளக்கு பச்சையானது. அவர் பெல்ற்றைப் பிடித்தபடியே சொன்னார். "உன்னையும் வெட்டுவாங்கள் எண்டு பயந்தனான் பிள்ளை."

"என்னை வெட்டினது நீங்கள்."

பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். நேரே போகவேண்டிய நான் வலப்பக்கம் திருப்பினேன். லோரன்ஸ் அவெனியூவில் ஒரு சின்ன பிளாசா. முடி வெட்டும் கடைக்கும் சவர்மா கடைக்கும் நடுவில் ஒரு பார். சனிக்கிழமைகளில் மூன்று மணிக்குப் புளூஸ், யாரும் வந்து வாசிக்கலாம் என்று அதன் கண்ணாடியில் எழுதியிருக்கும். எத்தனையோ தடவை அதன் முன்னால் காரை நிறுத்திவிட்டு, இறங்காமலே திரும்பியிருக்கிறேன்.

"இஞ்ச என்ன?"

"எனக்கு உள்ள போகவேணும். நீங்கள் வாறதெண்டா வாங்கோ."

வந்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மேடை என்று ஒன்றும் இல்லை, ஒரு கம்பளம் மட்டும். பின்னால் ஒருவன் டிரம்ஸ் அடிக்க, தலை நரைத்த கறுப்பர் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை மாக்கஸ் என்று கூப்பிட்டார்கள். பாட்டு முடிந்ததும், கீபோர்ட் சும்மா கிடக்கிறது, வாசிக்க யாரும் இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் எழும்பவில்லை. என் பக்கத்துக் கதிரை கிரீச்சிட்டது. திரும்பிப் பார்க்கமுன் அப்பாவின் ஜாக்கெற் என் மடியில் கிடந்தது.

மாக்கஸ் எந்தச் சுருதி என்று கேட்டார். அப்பா கீபோர்டில் ஒரு கட்டையை விரலால் தொட்டுக் காட்டினார். தொடங்கினார்கள். முதல் சுற்றிலேயே அப்பாவின் விரல்கள் பிழையான இடங்களில் விழுந்தன. இந்த டிரம்ஸின் வேகம் அவருக்குக் கூடிப்போயிருந்தது. மாக்கஸ் ஒருதடவை திரும்பிப் பார்த்தார், நிறுத்தவில்லை. இரண்டாம் சுற்றில் அப்பா கைகளைத் தூக்கிவிட்டார். அவர் இல்லாமலே பாட்டு போய்க்கொண்டிருந்தது. எழும்பி வந்துவிடுவார் என்று நினைத்து நான் ஜாக்கெற்றோடு எழுந்து நின்றேன்.

அவர் வரவில்லை. ஓடத் தொடங்கிவிட்ட பஸ்ஸில் ஏறப்போகிறவரைப்போல உடம்பை முன்னுக்குச் சாய்த்து, டிரம்ஸ்காரனின் கையையே பார்த்தபடி, தன் இரண்டு கைகளையும் கட்டைகளுக்கு ஒரு அங்குலம் மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.