சம்பந்தியின் ஆட்காட்டி விரல்

எங்கள் சம்பந்திக்கு, அதாவது மருமகளின் அப்பாவுக்கு, ஆட்காட்டி விரல் ஒன்றரை அடி நீளம். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த விரலுக்குப் பயந்து தலைமையாசிரியர்கள் ஊரையே காலி செய்ததாகப் பேச்சு. கிளப்பிவிட்டது நான்தான். முப்பத்தாறு வருடம் பஸ் ஓட்டியவனுக்குக் கதை விடத் தெரியாதா?

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் கூடத்தில் ஓநாய் ஆட்டம். ஏழு பேர் சீட்டு எடுப்போம். ஒருவர் ஓநாய், மற்றவர்கள் ஊரார். பகலில் பேசி, ஓட்டுப் போட்டு, சந்தேகப்பட்டவரை வெளியேற்றுவோம். ஆட்டத்தை நடத்தும் என் மனைவி "ராத்திரி" என்றதும் கண்ணை மூடுவோம். ஓநாய் மட்டும் கண் திறந்து ஒருவரைச் சைகையால் காட்டும். அவர் காலி.

ஓட்டு வரிசையாகத்தான், முதல் ஓட்டு சம்பந்தியுடையது. அவர் விரல் போகிற பக்கம் சம்பந்தியம்மா, மகன், மருமகள் என்று எல்லா விரலும் மந்தையாகப் போகும். பேசாமல் இருப்பவன்தான் ஓநாய் என்பது அவர் சித்தாந்தம். என் புது மாப்பிள்ளையோ லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைக்கிற பிறவி. ஆட வந்த நாலு வாரமும் முதல் சுற்றிலேயே வெளியே. பொழுது போகாமல் எங்கள் ஃபேன் ரெகுலேட்டரை நூறு தடவை கழற்றி மாட்டிவிட்டார்.

ஐந்தாம் வாரம் சமையலறையில் மகள் என்னை மடக்கினாள். "அப்பா, இன்னிக்கும் அவரை முதல்ல அனுப்பிட்டா, இனிமே வரமாட்டாராம்."

ஈரக்கையோடு வந்து சீட்டைப் பிரித்தால், நான்தான் ஓநாய். குறுக்கே விழாமல் இருந்தாலே போதும், சம்பந்தி மாப்பிள்ளையை அனுப்பிவிடுவார். நான் நிம்மதியாக வேட்டையாடலாம். ஓநாயாக நான் ஜெயித்து ஒரு யுகம் ஆகிறது. அரை நிமிடம் யோசித்தேன். எனக்கு அது நாற்பது வருடம்.

பிறகு சொன்னேன்: வரிசை வேண்டாம், மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் நீட்டுவோம், சமமாக வந்தால் யாரும் போக வேண்டாம். சம்பந்தியின் முகம் பஞ்சரான டயராகிவிட்டது. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் விரல்கள் திசைக்கொன்றாகப் பறந்தன. மாப்பிள்ளைக்கு இரண்டு, சம்பந்திக்கு இரண்டு, மற்றவை உதிரி. சமம். ராத்திரி வந்ததும் நான் சம்பந்தியைத் தின்றேன். அப்படியொரு ருசியை ஆயுளில் கண்டதில்லை.

மறு பகலில் எல்லோரும் திருதிருவென்று விழிக்க, யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"மாமாதான்," என்றார் மாப்பிள்ளை.

எதை வைத்து என்று கேட்டேன்.

"சீட்டு எடுத்ததுலேர்ந்து பஸ் கதை ஒன்னுகூட அவுத்து விடல நீங்க. எங்கயோ எதுவோ சிக்கிக்கிட்டாத்தான் லிஃப்ட் இவ்ளோ அமைதியா நிக்கும், மாமா."

"அது என்னோட சித்தாந்தம்," என்றார் சம்பந்தி.

"செத்தவங்க பேசக் கூடாது, அண்ணா," என்றாள் என் மனைவி.

ஐந்து விரலும் என்மேல் பாய்ந்தன. அரை மணி நேரம் கழித்து வாசலில் மாப்பிள்ளை ஒரு காலில் ஷூவோடு நின்று யோசித்துக்கொண்டிருந்தார். மகள் அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.

"ஏழு பேருக்கு ஒரு ஓநாய் பத்தாது மாமா. அடுத்த வாரம் ரெண்டா வெச்சுக்கலாமா?"

பத்தாகவே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.