வழுக்கைக்குச் சவரக் கூலி

கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் நான். லாரியிலிருந்து ஒரு கட்டை மண்டையில் விழுந்து நான்கு தையல். ஒரு நாள் படுக்கவைத்து அனுப்பினார்கள். வேலை செய்யலாம் என்று மருத்துவமனைச் சீட்டு இல்லாமல் வராதே என்றார் மேஸ்திரி. பில்லைக் கட்டாமல் சீட்டு கிடையாது என்றார் கவுண்டர்காரர்.

நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான். விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தால்தான் தலைக்குள் ஏறும். கவுண்டரிலேயே பில்லை விரித்தேன்.

"கட்டுத்... து...ணி."

வரிசை என் பின்னால் வாசல்வரை நின்றது.

"அண்ணே, பணத்தைக் கட்டிட்டு வீட்ல போய்ப் படிங்க," என்றார் கவுண்டர்காரர்.

"இறங்கின மூட்டைய எண்ணாம நான் கையெழுத்துப் போட்டதே இல்ல, தம்பி."

"ஏங்க, மானத்த வாங்காதீங்க," என்று மனைவி முதுகில் இடித்தாள். போர்வையும் துணியும் திணித்த பெரிய பை அவள் கையில் கனத்தது.

ஆறாவது வரியில் விரல் நின்றது. "தைய...லுக்கு முன்... தலை...முடி... மழித்தல்."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். கட்டுப் போட்ட இடம் போக மீதித் தலை டியூப்லைட்டில் பளபளத்தது. இருபது வருடமாக மூட்டை தேய்த்த தலை.

"எங்க மழிச்சீங்க? காட்டுங்க, நானும் பாத்துக்கறேன்."

கவுண்டர்காரர் எட்டிப் பார்த்தார். "தலையில தையல்னா அது தானா வந்துரும்ணே. கம்ப்யூட்டர் போடறது."

"அப்ப கம்ப்யூட்டர வந்து ஒரு தடவ தடவிப் பாக்கச் சொல்லுங்க."

வரிசையே சிரித்தது. காலில் மாவுக்கட்டோடு நின்ற அம்மா ஒருவர் தன் பில்லை என்னிடம் நீட்டினார். "அண்ணா, இதையும் படிச்சுச் சொல்லுங்களேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவருக்குப் பின்னாலிருந்து இன்னும் மூன்று பில்கள் நீண்டன. கவுண்டர்காரர் அவற்றைப் பார்த்தார். என் விரலின் வேகத்தையும் பார்த்தார். சாப்பாட்டு நேரம் போனதுபோல முகம் தொங்கியது.

சவரக் கூலியை அடித்துத் திருத்திய பில் வந்தது. கட்டினேன். சீட்டில் முத்திரை விழுந்தது.

"இதையாவது வெளியில போய்ப் படிங்கண்ணே. உங்க கால்ல விழறேன்."

வாசல்படியில் உட்கார்ந்து சீட்டை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இன்று... முதல்... கன...மான... சுமை... தூக்க...லாம்."

"அப்படியா போட்டிருக்கு?"

"ஆமா. வேணும்னா இன்னொரு தடவ படிக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம்," என்றவள் பையை என் தோளில் மாட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள்.